கட்டைவிரல் அகலம்

அனுப்பர்பாளையத்தில், பாத்திரப் பட்டறைக்கு மேல்மாடி.
என் அகலத் திரையில் எல்லாம் அதனதன் இடத்தில் நின்றது.
இடப்பக்கம் ஆர்டர் எண்கள் அடுக்கிய நெட்டைப் பெட்டி,
மிச்ச அகலத்தையெல்லாம் விழுங்கிக்கொள்ள இன்னொன்று,
அதன் காலடியில் படுக்கைவாட்டில் ஒரு சின்னப் பெட்டி,
உள்ளே இரண்டு பொத்தான்கள்:
‘அளவு சரி, பேக்கிங்குக்கு அனுப்பு.’
‘கழிவு.’
நடுவில் பதினாறு பிக்சல்.
எண்ணி வைத்தவள் நான்.

புதன்கிழமை தண்டபாணி போனில்,
“அம்முணி, நாப்பது டஜன் நல்ல பீஸு
கழிவுல கெடக்குது.
தூத்துக்குடி லாரி கேட்டுல நிக்குதுங்.”

செக்கிங் ஹாலில் பஞ்சு மிதந்தது.
துளசிமணி போனை நீட்டினாள்.
மூலை விரிசல் விட்ட கண்ணாடி. ராத்திரி ஷிப்ட் கண்ணுக்காக
எழுத்தை இருக்கிறதிலேயே பெரிசாக்கி வைத்திருந்தாள்.
அந்த எழுத்தில் என் முதல் பொத்தான்
வரிசை முழுவதையும் அடைத்துக்கொண்டு
இரண்டாவதைக் கீழே தள்ளியிருந்தது.
தள்ளப்பட்டது மயிரிழை விடாமல் ஒட்டி உட்கார்ந்திருந்தது.
பக்கவாட்டு இடைவெளிதான் சொல்லியிருந்தேன்.
கீழே இறங்கினால் என்ன செய்வது என்று
பெட்டியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

கையிலிருந்த போலோ சட்டையில் டேப்பை வைத்தாள்.
மூன்று பொத்தான்.
“இதுக்கும் இதுக்கும் ரெண்டே முக்கா இஞ்சு.
ஒரு நூல் தள்ளுனாக்கூட நான் கழிச்சுப்போடுவேன்.
உங்க பொத்தானை ஆருங் செக் பண்றது?”

தண்டபாணி லாரிக்காரனிடம் பேசுவதாய் வெளியே போனார்.

பக்கத்து மேசை திபாகர். ஒடிசா. தமிழ் எழுத்து தெரியாது.
என் ரிப்போர்ட்டில் மூன்று மாதமாய் அவன் கழிவு பூஜ்ஜியம்;
தேர்ந்த கை என்று பச்சை நிறம் கொடுத்திருந்தேன்.
அவன் போனில், கழிவுப் பொத்தானின் மேல்,
ஒரு எக்ஸ்எல் ஸ்டிக்கர்.

கவிழ்த்த அட்டைப்பெட்டியில் லேப்டாப்பை வைத்தேன்.
எதிரே பேக்கிங் ஆட்கள்
ஸ்மால் ஒன்று, மீடியம் இரண்டு, லார்ஜ் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என
கை பார்க்காமலே பெட்டிக்குள் பங்கு பிரித்தார்கள்.
நானும் பிரித்தேன். அகலம் சுருங்கினால் ஒன்றன்கீழ் ஒன்றாய் நில்.
சரி மேலே. கழிவு கீழே.
நடுவில் துளசிமணியின் கட்டைவிரல்,
அவள் டேப்பிலேயே அளந்தது.

பிறகு எல்லோருமாய் மூட்டைகளைக் கவிழ்த்து
நல்லதைப் பொறுக்கினோம். லாரி கிளம்ப எட்டரை ஆயிற்று.

திபாகர் நகத்தால் ஸ்டிக்கரை உரித்தான்.
பசை கொஞ்சம் நின்றுவிட்டது.
பத்து மணிக்குள் அவன் மேசையிலிருந்து
பதினொரு கழிவு வந்தது.

பச்சையை எடுத்துவிட்டேன்.
மூன்று மாதம் கப்பலேறிப் போனதைத்
தண்டபாணியிடம் இன்னும் சொல்லவில்லை.