பதினேழாம் நாள்

ஹட்டன் ஸ்டேசனுக்கு ஏறும் படிக்கட்டுப் பக்கம்
என் போட்டோ கொப்பிக் கடை.
மிஷினுக்கும் லெமினேட்டருக்கும் நடுவே
மூன்றடிக் கண்ணாடிக்குள்
நூறு லீட்டர் கடல்.

கடல் என்று நான்தான் சொல்கிறேன்.
உப்பு கொழும்பிலிருந்து வாளியில் வந்தது.
தண்ணீர் மலை ஊற்று.
இரண்டையும் கலக்கியது சோற்று அகப்பை.

முதல் நாள் ஓர் இறாலை
உரிக்காமல் உள்ளே போட்டேன், அழுகட்டும் என்று.
வீட்டில் ஒன்று அழுகினால் தூக்கி எறிவோம்.
இங்கே அதற்கு
சுவெட்டர் மாட்டாத குறையாக
இருபத்தாறு பாகை சூடு கொடுத்துக் காவல் இருந்தேன்.
கரண்ட் போன இரவில்
என் கம்பளி இரண்டையும் தொட்டிக்குச் சுற்றிவிட்டு
நான் காகிதக் கட்டுகளில் சாய்ந்து நடுங்கினேன்.

வருகிறவர்கள் எல்லாம் குனிந்து பார்ப்பார்கள்.
ஈ.பி.எப். படிவத்தோடு வந்த பன்னீர்:
"மீன் எங்க பிள்ள, கல்லுக்கு அடியிலயா?"
சான்றிதழுக்கு மூன்று பிரதி எடுக்க வந்த போலீஸ்காரர்:
"மாளு கோ?"
இன்னும் இல்லை என்றேன், இரண்டு மொழியிலும்.
ஒரு சிறுமி மட்டும் எதுவும் கேட்கவில்லை.
மூக்கைக் கண்ணாடியில் நசுக்கி
இறாலைப் பார்த்து
"செத்துப் போச்சு" என்றாள்.
அவள் சொன்னதுதான் சரி.

மாலையில் சிறு குழாயில் ஐந்து மில்லி எடுத்துச்
சொட்டு எண்ணுவேன்.
அமோனியா: கொய்யா இலை.
நைத்திரைற்று: நாவற்பழம் தின்ற நாக்கு.
கடன் கணக்குக்கு அடுத்த பக்கத்தில் குறித்துக்கொள்வேன்.
கண்ணாடியில் தேயிலைச் சாயம்போல் பழுப்பு ஏறியது.
கல்லின் துளைகளில்
கண்ணுக்குத் தெரியாதவை குடியேறிக்கொண்டிருந்தன:
நஞ்சைத் தின்று வேறு நஞ்சாக்க ஒரு கூட்டம்,
அதையும் தின்ன இன்னொரு கூட்டம்.
இதற்கு ஓர் உவமை சொல்ல
இந்த ஊரில் எவருக்கும் வாய் வரும்.
எனக்கும் வந்தது. சொல்லவில்லை.
அவை பசிக்குத் தின்கின்றன, அவ்வளவுதான்.

பதினேழாம் நாள் விடிய
தம்பி கிருபா கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினான்.
கையில் ஊதிக் கட்டிய பை,
பைக்குள் இரண்டு கோமாளி மீன்கள்.
"அக்காவுக்கு சர்ப்ரைஸ்!"
நான் குழாயைத் தூக்கிக் காட்டினேன்.
"கலர் நல்லாத்தானே இருக்கு?"
"இந்தக் கலர்லதான் செத்துப்போகும்டா."
அவன் முகம் விழுந்தது.
காசு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

கடையை அவனிடம் விட்டுவிட்டு
நுவரெலியா பஸ்ஸில் ஏறினேன்.
குளிர் படாமல் பையை
சுவெட்டருக்குள், வயிற்றோடு அணைத்து.
தலவாக்கலையில் ஒரு பெண் எழுந்து இடம் தந்தாள்.
"எத்தன மாசம்?"
"ரெண்டு" என்றேன்.
மீன்களைத்தான் சொன்னேன்.
நானுஓயா வளைவுகளில் அவை உள்ளே திரும்பித் திரும்பி
என் விலாவில் முட்டின.

அந்த ஹோட்டலில்
நிஷாந்த பார்க்கும் தொட்டிக்கு நாலு வயது.
மீன்களை வாங்கிப் பையோடு மிதக்கவிட்டு
வடிகட்டியைத் திறந்தான்.
கறுத்துப்போன பஞ்சில் பாதியை வெட்டி,
அதே தண்ணீரில் முக்கிக் கட்டித் தந்தான்.
"நாலு வருஷ அழுக்கு" என்றான்,
நகை எடுத்துக் கொடுப்பவன்போல.
திரும்பும்போது யாரும் எழுந்து இடம் தரவில்லை.
பை நாறியது.

இருபத்தாறாம் நாள் நாவற்பழம் வெளுத்தது.
இருபத்தேழிலும் சோதித்தேன்: வானம்.
பாதித் தண்ணீரை மாற்றினேன்.
கிருபாவுக்குப் போன் எடுக்க நினைத்து எடுக்கவில்லை,
வாங்கிக்கொண்டு வந்துவிடுவான்.

கடையைப் பூட்டுமுன்
டோர்ச்சைக் கண்ணாடியில் பிடித்தேன்.
மல்லி விதையளவு ஒரு நட்சத்திரம்,
ஐந்தில் ஒரு கை முறிந்து.
பஞ்சோடு வந்திருக்கும்.
யாரும் அதற்கு விலை கொடுக்கவில்லை,
யாரும் அதைக் காணோமென்று தேடவுமில்லை.

பதுளை ரயில் உள்ளே வந்தது.
கண்ணாடி லேசாக அதிர்ந்தது.
அது பிடியை விடவில்லை.