நான்காவது மூலை

காந்தி ரோட்டில் எங்கள் லாட்ஜுக்கு
மூன்று மொழியில் பலகை.
எனக்குத் தெரிந்தது ஒன்று,
அப்புறம் வாடகை சொல்ல இந்தியில் சில எண்கள்.

ரூம் நூற்றிப் பன்னிரண்டு. இருவர். அசன்சோல்.
'வந்த காரணம்' பத்தியில்
எல்லோருக்கும் போடுவதுபோல் ஆஸ்பத்திரி என்று போட்டேன்.
பெயர் சுவர்ணா என்று எழுதினேன்.
அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, திருத்தவில்லை.

தம்பி தூங்கியதும் ரூம் விளக்கை அணைத்துவிட்டு
கீழே பெஞ்சுக்கு வருவாள்.
மேசையில் அன்றைய பேப்பர்,
சுடோகு, ஐந்து நட்சத்திரம்,
கட்டத்துக்குக் கட்டம் என் பென்சில் பொடி எண்கள்.

முதல் இரவு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.
இரண்டாம் இரவு விரலை வைத்தாள்:
மூன்றாம் வரிசையில் ஆறுக்கு இரண்டே இடம்,
எட்டாம் வரிசையிலும் இரண்டே இடம்,
நேருக்கு நேர், அதே இரண்டு நிரல்கள்.
ஒரு மணி நேரமாக என் கண்ணெதிரில்தான் இருந்தது.
அந்த நிரல்களில் மிச்சமிருந்த ஆறுகளை
ரப்பரால் தேய்த்தாள்.
புகை போட்டதும் எழும்பும் கொசுபோல
அடைந்து கிடந்த மூலையெல்லாம் கிளம்பின.

எங்கள் ஊருக்கு ஒரு பேச்சு உண்டு:
தண்ணியில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, மரமில்லா மலை.
இல்லாததைச் சொல்லித்தான் எங்களை அடையாளம் காட்டுவார்கள்.
சுடோகுவிலும்
ஏழு எங்கே என்று தேடுகிறவன் தோற்பான்.
எங்கெல்லாம் இல்லை என்று அடித்துக்கொண்டே வரவேண்டும்.
ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்தார்கள்போல.
இது இல்லை, இதுவும் இல்லை,
அவள் பையில் சீட்டுக் கட்டு தடித்துக்கொண்டே வந்தது.

சனிக்கிழமைப் புதிர் பத்தே முக்காலுக்கு நின்றுபோனது.
நான் சங்கிலி கோர்த்துக்கொண்டிருந்தேன்:
இது மூன்றில்லையென்றால் அது மூன்று,
அது மூன்றென்றால் கீழே ஒன்பது,
கீழே ஒன்பதென்றால்,
மாடியிலிருந்து யாரோ தண்ணி வரல என்று கத்த
கண்ணி நழுவியது.

அவள் நான்கு கட்டங்களைத் தொட்டாள்.
மூன்றில் இரண்டும் ஏழும் மட்டும்.
நான்காவது மூலையில் இரண்டு, ஏழு, கூடவே ஒரு ஐந்து.
அந்த ஐந்து இல்லாவிட்டால்
இரண்டையும் ஏழையும் இடம் மாற்றினாலும் பொருந்தும்,
புதிருக்கு இரண்டு விடை வந்துவிடும்.
வரக்கூடாது. ஆகவே ஐந்து.
இவ்வளவையும் கையை ஆட்டியே சொன்னாள்.

எனக்கு இந்த உத்தி பிடிக்காது.
ஒரே விடைதான் வைத்திருப்பான் என்று
புதிர் போட்டவனை நம்பினால்தான் செல்லும்.
நான் எண்ணை நம்புவேன், ஆளை நம்பமாட்டேன்.
அட்வான்ஸ் வாங்காமல் சாவி கொடுத்ததில்லை.

அவள் ஐந்தைப் பேனாவால் எழுதினாள்.

செவ்வாய் விடியலில் கணக்கு முடித்தார்கள்.
காட்பாடிக்கு ஆட்டோ.
தம்பி தன் பையைத் தானே தூக்கி வந்தான்.
அதை வைத்து எதுவும் முடிவுகட்ட முடியாது,
ஒன்றிரண்டை அழிக்கலாம், அவ்வளவுதான்.
சீட்டுக் கட்டு அவள் மடியில் இருந்தது.

அன்றிரவு சனிக்கிழமைப் பேப்பரை எடுத்து
நீண்ட வழியிலேயே போனேன்.
பதினோரு கண்ணி. கடைசியில் ஐந்துதான்.
பிறகுதான் கண்ணில் பட்டது:
நான்கு மூலைகளும் இரண்டே பெட்டிக்குள் அடங்கினால்தான்
அந்த உத்தி செல்லும்.
அவள் தொட்டவை நான்கு வேறு வேறு பெட்டிகள்.
இடம் மாற்றியிருந்தால் ஒவ்வொரு பெட்டியிலும் இடித்திருக்கும்,
இரண்டாவது விடை வந்தே இருக்காது.

உத்தி தப்பு.
விடை சரி.

அவளிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.
எந்த மொழியில் என்பதல்ல சிக்கல்,
இரண்டில் எதை முதலில் என்பது.

ஆதார் நகலை அடுக்கும்போது பார்த்தேன், சுபர்ணா.
பதிவேட்டைத் திறந்து
வ-வை அடித்து மேலே ப போட்டேன்.
அடித்தல் திருத்தலுக்கு முதலாளி காரணம் கேட்பார்.

நூற்றிப் பன்னிரண்டிலிருந்து மணி அடித்தது.
புது ஆட்கள், வாளி வேண்டுமாம்.