கேட் மூடியிருக்கும்போது

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
கூட்ஸ் வருவதற்குள்
ஒரு கொலையைப் பார்த்து முடித்துவிடலாம்.
கீறல் விழுந்த போனில்
ஊர் முழுக்க மழை.
எல்லா ஆண்களும் தொப்பி வைத்திருக்கிறார்கள்,
ஒருவனுக்கும் சளி பிடிக்கவில்லை.

மூன்றாம் பருவம். வாரம் ஒரு பழைய ஹாலிவுட் படம்,
பார்த்ததும் ஒரு பக்கக் குறிப்பு,
இருபது மதிப்பெண்.

முதல் வாரம் எழுதினேன்:
இவர்கள் 'வச்சிடறேன்' என்று சொல்லாமலே
போனை வைத்துவிடுகிறார்கள்.
எங்கள் வீட்டில் 'வச்சிடட்டா' என்ற பிறகுதான்
பேச்சே தொடங்கும்.

அடுத்தது:
கணவனுக்கு ஒரு கட்டில், மனைவிக்கு ஒரு கட்டில்,
நடுவில் ஒரு விளக்கு.
அந்தக் காலத் தணிக்கை விதி என்றார்கள் வகுப்பில்.
நாங்கள் ஐந்து பேர், கட்டில் ஒன்று.
அதில் படுத்திருப்பது துணிமூட்டையும்
டில்லியின் ஹெல்மெட்டும்.
இது எந்த விதி என்று கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

பிறகு, காரோட்டுகிற காட்சி.
நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை
இப்படியும் அப்படியும் திருப்புகிறான்.
பின்கண்ணாடியில் ஓடுவது
வேறெப்போதோ எடுத்த சாலை. கார் நகரவேயில்லை.
எண்ணூர் நெடுஞ்சாலையில், ஷேர் ஆட்டோவில்,
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே
முக்கால் மணி நேரம் நின்ற அன்று
எனக்கும் சந்தேகம்:
வெளியே சாலையை ஓட்ட வேண்டியவன்
டீ குடிக்கப் போய்விட்டான்.

ஐந்தாம் வாரப் படத்தை அம்மாவும் பார்த்தாள்.
லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வந்து
'இன்னாத்த ராவெல்லாம் முழிச்சினு பாக்கற' என்று
என் தோளில் சாய்ந்தாள்.
மாளிகை, விருந்து.
கண்ணுக்கென்றே தனி விளக்கு வைத்த நாயகி
படியிறங்கி வர, நூறு வயலின்.
அம்மா அவளைப் பார்க்கவில்லை.
'தொப்பிய வாங்கி மாட்டினாளே ஒரு கறுத்த பொண்ணு,
அவ பேரு இன்னா?'

கடைசியில் வரும் என்று காத்திருந்தேன்.
இந்தப் படங்களில் பெயரெல்லாம்
தொடக்கத்திலேயே முடிந்துவிடும்;
கடைசியில் ஒரு முத்தம், பிறகு இருட்டு.
முதலுக்குப் போய் நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.
கவுன் தைத்தவர் இருந்தார்,
நகை தந்த கடை இருந்தது.
அவள் இல்லை.
கதைக்குள்ளும் யாரும் பேர் சொல்லவில்லை.
மணியடிக்கிறார்கள், வருகிறாள்.

மொத்தம் நான்கு நிமிடம் பத்து விநாடி.
ஏழு கதவு, மூன்று தொப்பி.
நாயகிக்கு முதுகுப் பொத்தான் போடும்போது
கண்ணாடியில் தன்னையே பார்த்துவிடுகிறாள்,
அரை விநாடி.
அதை இயக்குநர் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்.

அவளைப் பற்றியே எழுதிக் கொடுத்தேன்.
இருபதுக்கு ஒன்பது.
'நாயகி எங்கே?' என்று சிவப்பு மை.

'பேரு தெரியல்மா.'
அம்மா சிரித்தாள்.
'கீழ்ப்பாக்கத்துல வாட்ச்மேன் நோட்டுல
நானும் பதினோரு வருசமா மூணு-பி தான்.'
தெருவில் லாரி ஹாரன் கேட்டது.
எழுந்து ஓடினாள்.

கூட்ஸ் வந்துவிட்டது.
கொலையாளி யாரென்று தெரிய இன்னும் ஆறு நிமிடம்.
போனை அணைக்கிறேன்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
அந்தப் பக்கம் நிற்கிறவர்கள்
வெட்டி வெட்டித் தெரிகிறார்கள்:
ஒரு சைக்கிள். மீன்கூடை. ஒரு பைக்.
ஒயர்கூடையோடு, வேலை முடிந்து வரும் அம்மா.
இருட்டு.
முந்தானையால் கழுத்தைத் துடைக்கிறாள்.
இருட்டு.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
வாய்விட்டுக் கொட்டாவி விடுகிறாள்.

'பச்சையம்மா!' என்று கத்தினேன்.
ரயில் சத்தத்தில் கேட்டிருக்காது.
கேட்டிருந்தால்
கேட் திறந்ததும் அடி விழும்.