படகு எண் *

கீழக்கரை பொறியியல் கல்லூரி, இரண்டாம் மாடி.
முப்பத்தாறு மணி நேரம், நாற்பத்தோரு அணிகள்.
எங்களுக்கு விழுந்தது சிக்கல் எண் பதினேழு:
‘பாசி எடுக்கும் பெண்களை
நிவாரணத் திட்டத்தில் சேர்க்க ஒரு செயலி.’
தொண்டு நிறுவனமும் மீன்துறையும் சேர்ந்து தந்தவை
ஒரு கோப்பு, ஒரு பென்டிரைவ்,
ஒரு பெண்.

சின்னப்பாலத்து முத்துராக்கு.
கழுத்தில் மாட்டிய அட்டையில் ‘பயனாளர்’ என்றிருந்தது.
பயனாளி ஆக இன்னும் நாளிருக்கிறது.
ஏசிக் குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்தி
கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்,
விரல்நுனியெல்லாம் பாறை கிழித்த வெள்ளைக் கோடுகள்.

ஃபிளாவியன் வரைபடம் போட்டான்:
குருசடைத் தீவு பச்சை, முயல் தீவு பச்சை,
கடலுக்கு நிறுவன லோகோவின் நீலம்.
ஃபாயிஸா குரல்பதிவு எழுதினாள்.
‘மரிக்கொழுந்து பாசி’ என்று அவர் சொன்னதை
‘மறுபடியும் பேசு’ என்று எழுதியது அது.
அவரும் மறுபடியும் பேசினார்.

நான் படிவம். எப்போதும் எனக்குப் படிவம்தான்.

இரவு இரண்டே முக்கால். மூன்றாவது பிளாஸ்க்கும் காலி.
மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினேன்.
பெயர் சொன்னார், தட்டினேன்.
வயது: ‘ஆதார்ல அம்பத்தொண்ணு, நெசத்துல கூட ரெண்டு.’
படகு எண்?
‘படகு ஏது? வாடகை வத்தையில போயி
தண்ணியில குதிக்கிறதுதான்.
காலுக்குத் தகரத்தட்டு, கண்ணுக்குக் கண்ணாடி,
இடுப்புல பை. இதுல எதுக்கு நம்பர் இருக்கு?’

வெறுமனே விட்டு அடுத்ததற்குப் போனேன்.
போக விடவில்லை. கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு.
‘அது என்ன தம்பி, ஓரமா, பூச்சி மாதிரி?’
‘நட்சத்திரம். இருந்தா நிரப்பியே ஆகணும்.’
‘யாரு போட்டது?’

கோப்பைப் புரட்டினேன்.
போன வருடப் படிவம், அதற்கு முந்தையது,
அதற்கும் முந்தைய, தட்டச்சில் அடித்த மங்கல் தாள்.
யாரும் போடவில்லை. எல்லாரும் நகல் எடுத்திருந்தார்கள்.
நானும்தான், முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு.

அழித்தேன். ஒரேயொரு குறி.
‘பதிவு நிறைவுற்றது’ என்று வந்த பச்சையை
எழுத்துக்கூட்டி, வாய்விட்டு, இரண்டு தரம் படித்தார்.

பரிசு ஒரு ட்ரோனுக்குப் போனது.
நடுவர் எங்களிடம் கேட்டார்:
‘இதில் தொழில்நுட்பம் எங்கே?’
ஃபிளாவியன் வரைபடத்தைக் காட்டினான்.
நான் எதைக் காட்ட?
எடுத்துவிட்டதை எப்படிக் காட்டுவது?

ராமநாதபுரம் பேருந்து வந்தது.
அட்டையைக் கேட்டு வாங்க வந்த தன்னார்வப் பையனிடம்
முத்துராக்கு சொன்னார்:
‘நானே வச்சுக்கிறேன்.
இது ஒண்ணுதான் படகு கேக்கல.’

நாற்பது நாள் கழித்து
துறையின் தளத்தைத் திறந்தேன்.
படகு எண். பக்கத்தில் அதே நட்சத்திரம்,
விடிந்தும் போகாமல்.
புகார்ப் பக்கத்துக்குப் போனேன்.
அங்கே ஏழு.
முதலாவதிலிருந்து
நிரப்பத் தொடங்கினேன்.