நாலு சொடுக்கு

செட்ரெனிக் மேட்டில் வண்டி நிறுத்த
எனக்கென்று ஒரு முறை உண்டு.
முதல் கியர்.
முன்சக்கரம் சுவர்ப்பக்கம்.
பின்சக்கரத்துக்கு அரைச்செங்கல்.
எல்லாவற்றுக்கும் பிறகுதான் ஹேண்ட்பிரேக்.

டக். டக். டக். டக்.
நாலில் பிடித்தால் ஒழுங்கு என்பார்
பட்டறை வெஹித்.

செப்டம்பரில் நாலு.
இரண்டே வாரத்தில் ஏழு.
முதல் பனி விழுந்த காலையில் பதினொன்று.
லீவர் செங்குத்தாக எழுந்து நின்றது,
கூட்டத்தில் பேச எழுந்து
பேச்சு மறந்துபோன ஆளைப் போல.

ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த ஒரு நாள்
செங்கல்லை மறந்தேன். கியரையும்.
சத்தமே போடாமல் இறங்கிப் போய்
ஹசீபாவின் தக்காளித் தொட்டியில் இடித்து நின்றிருக்கிறது.
அவள் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்:
"அசெமினா, உன் கோல்ஃப்
என் வீட்டுக்குக் காபி குடிக்க வந்திருக்கிறது."

வெஹித் நட்டை முறுக்கினார். பத்து மார்க்.
மறுபடி தளர்ந்தது.
பிரேக் ஷூ மாற்றினார். அறுபது.
மறுபடி.
கேபிள் மாற்றலாம் என்றார்.
இரண்டு பக்கமுமா? கையில் காசில்லை.
வலது மட்டும் போதும் என்றேன்.
அதுவும் ஒரு வாரம்தான்.

நாலாம் முறை அவர் ஒன்றையும் கழற்றவில்லை.
லீவரின் தோல் உறையை மட்டும் தூக்கி
டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.
"கேபிள் நீளும். ஷூ தேயும்.
நட்டு தானாக மூன்று சுற்று பின்னால் போகாது.
அதிலும் லாக் நட்டோடு சேர்ந்து.
நான் போடுவது பத்தாம் நம்பர் ஸ்பேனர்.
இங்கே பார், பல் பதிந்திருக்கிறது.
யாரோ கட்டிங் பிளேயரால் திருகியிருக்கிறார்கள்."

அந்தப் பல்லை எனக்குத் தெரியும்.
வலது தாடையில் ஒன்று உடைந்தது.
அப்பாவின் பொருள்களைப் பிரித்தபோது
கார் ஆளுக்கு ஒரு வாரம்,
பிளேயர் முழுசாக அண்ணனுக்கு.

ஸியாத் இருப்பது இலிஜாவில்.
தட்டில் ஊற்றிய கஞ்சி போலச் சமதளம்.
அங்கே ஹேண்ட்பிரேக்
கண்ணாடியில் தொங்கும் மணி மாதிரி,
இருந்தால் அழகு.
சாவியை ரொட்டிக்கடையில் வைத்துவிட்டுப் போவான்,
நானும் அப்படித்தான்.
இரண்டு வருஷமாக அந்தக் கடைக்காரிதான்
எங்களுக்கு நடுவில் பேசுகிறவள்.

ஃபோன் போட்டேன்.
"நீயா தளர்த்துகிறாய்?"
"பின்னே? சக்கரம் கொதிக்கிறது.
கருகின வாசனை. பெட்ரோலைக் குடிக்கிறது.
எந்த மடையன் அதை
வாராவாரம் முறுக்கித் தருகிறான்?"

மடையன் பக்கத்தில் நின்று
கை துடைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை பட்டறையில்
பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி
லீவரை முழுக்க இறக்கிவிட்டு
ஆளுக்கொரு சக்கரம் சுற்றச் சொன்னார்.
என்னுடையது, வலது,
சுற்றிக்கொண்டே இருந்தது, வெட்கமில்லாமல்.
அவனுடையது அரைச் சுற்றில் முனகி நின்றது.

இடது கேபிள். நான் காசு மிச்சம் பிடித்த பக்கம்.
உறையைக் கீறினார்.
உள்ளே துரு, ஈரமான காபித்தூள் நிறத்தில்.
இழுத்தால் போகிறது, விட்டால் திரும்பவில்லை.
மேட்டுக்காக முறுக்கினால் சமதளத்தில் எரிகிறது,
சமதளத்துக்காகத் தளர்த்தினால்
ஹசீபாவின் தக்காளி.

"இவள் சொன்னதும் சரி, இவன் சொன்னதும் சரி,"
என்றார் வெஹித்.
"முப்பத்தெட்டு மார்க்."
பத்தொன்பது பத்தொன்பதாக எண்ணி வைத்தோம்.
அவனிடம் சில்லறை இல்லை.
ஒரு மார்க் நான் போட்டேன்.
இன்னும் தரவில்லை.

அடுத்த திங்கள், ரொட்டிக்கடையில் சாவி இல்லை.
வாசலில் ஹாரன்.
மேடேறி அவனே வந்திருந்தான்,
கையில் பிளேயர், காகிதத்தில் சுற்றி.
உள்ளே உட்காரவைத்துக் காபி ஊற்றும்போது
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்:
முன்சக்கரம் நேராக,
கல் இல்லை.
கியர் நிச்சயம் நியூட்ரலில்தான் இருக்கும்.
நாலு சொடுக்கை மட்டும் நம்பி
நட்டநடு மேட்டில் விட்டிருந்தான்.

சர்க்கரை எடுத்து வருகிறேன் என்று சொல்லி
வெளியே போய்
செங்கல்லை வைத்துவிட்டு வந்தேன்.