அச்சில் வராத அடுக்கு

எங்கள் கந்தோரில் மனிதர்களுக்கென்று ஒரு கோப்புறை இருக்கிறது.
பலூன் பிடித்த பிள்ளை, நாயோடு ஓடும் பெண்,
தோள்பையோடு எங்கோ போகிற மூவர்.
கட்டடம் கீறி முடிந்ததும்
அவர்களை எடுத்து ஒட்டுவது என் வேலை.
ஒருவரும் உட்கார்ந்திருப்பதில்லை.
ஒருவருக்கும் வியர்ப்பதில்லை.
தெமட்டகொடையில் பதின்மூன்று மாடி எழும்பியபோது
கொரிடோருக்கு நான்கு பேர் போட்டேன்.
நாயை மட்டும் யோசித்து எடுத்துவிட்டேன்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு முறைப்பாடு:
பதினோராம் மாடிக் கொரிடோர் அடைபட்டுள்ளது,
தீப்பிடித்தால் ஓட வழியில்லை, அளந்து வரவும்.

அகலம் ஒரு மீற்றர் இருபது.
படத்தில் அதன் பெயர் சுற்றோட்டம்,
இரத்தத்துக்குச் சொல்வதுபோல.
அங்கே பதினேழு பிளாஸ்டிக் கதிரை, ஒரு கரம் பலகை,
பெயின்ற் வாளிகளில் கற்பூரவள்ளி.
சுவரில் நீலச் சோக்கால், தவளைத் தோட்டம்,
இடித்த தோட்டத்தின் பெயர்.
அதன் பழைய வீட்டிலக்கங்களும் கதவு கதவாக,
நாங்கள் திருகிய பித்தளை இலக்கங்களுக்கு மேலே.
தபால்காரர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.

முடிவில் பவளராணி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தா.
தலைக்கு மேல், புகை உணரும் கருவிக்கு
பொலித்தீன் பை போட்டு ரப்பர் வளையம் மாட்டியிருந்தது.
நாடாவோடு குனிந்தேன்.
'அடுப்பையும் அளக்கிறியா? அள.
அங்க ஒவ்வொரு வைகாசியும் தண்ணி கட்டிலுக்கு வந்தது,
அதையும் எழுது.
இங்க கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கு.
பதினாலு வயசு மகள் இருக்கிறவளுக்கு அது என்னெண்டு
கீறினவருக்குத் தெரியுமோ தெரியாது,
நன்றி சொன்னேன் எண்டு சொல்லு.
ஆனா கதவைச் சாத்தினா
நான் செத்தாலும் நாறுமட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.
அதுக்குத்தான் கதிரை.'

துவான் சால்டீனுக்குக் கடலை வண்டில்.
லிப்டில் அது ஏறாது.
கீழே தரிப்பிடம் கார்களுக்கு,
கார் வைத்திருப்பவர் மூன்று பேர்.
வண்டிலை மதிலோரம் சங்கிலியால் கட்டி
சைக்கிள் பின்விளக்கு ஒன்றை மாட்டியிருக்கிறார்.
இரவில் எழும்பி யன்னலால் பார்ப்பார்.
நகத்தளவு சிவப்பு விட்டுவிட்டு மினுங்கினால்
திரும்பப் படுப்பார்.
'பெட்டரி முடிஞ்ச அண்டைக்கு லிப்டும் இல்ல,
படியால எறங்கினேன்.
வண்டில் அப்பிடியே ஈந்தது.
பொறகு ஏற ஏலாம
விடியுமட்டும் அதுலயே சாஞ்சிட்டு ஈந்தேன்.'

எனக்கும் ஒரு கதிரை வந்தது.
எதிர் வாசற்காரியின் முழங்கால் என் முழங்காலில் பட்டது.
மன்னிப்புக் கேட்க இருவருக்குமே தோன்றவில்லை.

அறிக்கையில் உண்மையை எழுதினேன்:
தீப்பிடித்தால் ஓட முடியாது.
கதிரைகளை அகற்றச் சொல்லிக் கடிதம் போனது.
அதில் மூன்றாவது கையொப்பம் என்னுடையது.

இப்போது மட்டக்குளிக்கு இன்னொன்று, பதினைந்து மாடி.
அரை மீற்றர் கூட்டலாமா என்றேன்.
மாடிக்கு ஒரு வீடு குறையும் என்றார் பொறுப்பாளர்.
அந்தக் குடும்பம் வெள்ளத்திலேயே இருக்கட்டுமா?
அவர் கெட்டவர் இல்லை.
என்னிடம் பதிலும் இல்லை.

கணினியில் படம் அடுக்கடுக்காக இருக்கும்:
சுவர் ஓர் அடுக்கு, குழாய் ஓர் அடுக்கு, மின்கம்பி ஓர் அடுக்கு.
யாரும் கேட்காத ஒன்றை நான் திறந்தேன்,
அச்சில் வராதபடி.
அதில் பதினேழு கதிரை.
குந்தியிருக்கும் ஆட்களைக் கோப்புறையில் தேடினேன், இல்லை.
கையால் கீறினேன்,
முழங்கால் சரியாக வரவில்லை.
மதிலோரம், கார்க் கோடுகளுக்கு வெளியே,
ஒரு சிவப்புப் புள்ளி.

படத்தைச் சுருக்கிச் சுருக்கி,
கட்டடம் தீப்பெட்டியாகும்வரை சுருக்கி,
அது இன்னும் தெரிகிறதா என்று
விளக்கணைக்கும் முன் ஒருதரம் பார்ப்பேன்.