ஏழாம் பகுதியில் ஒரு காய் நிறம் மாறுகிறது

தொடரில் எல்லோரும் அதை ஆடினார்கள்.
சரக்குக் கப்பலின் சமையலறையில்,
இரண்டு கிரகங்களுக்கு நடுவே
பொழுது போகாதபோதெல்லாம்.
அறுகோணப் பலகை, முப்பத்தொரு காய்,
பெயர் வெர்னா.
யாராவது மேசையைத் தட்டி "வெர்னா!" என்பார்கள்,
மற்றவர்கள் பெருமூச்சு விடுவார்கள்,
ஆட்டம் முடிந்தது என்று நமக்குப் புரியும்.
எப்படி முடிந்தது என்பது
எழுதியவர்களுக்கே தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

தம்பெரேயில் நவம்பர். மூன்றரை மணிக்கே இருட்டு.
டிராம் ஓட்டி முடித்து நான் வருவேன்,
உள்ளங்கையில் இன்னும் அதிர்வு மிச்சமிருக்கும்.
ஹில்க்கா பொய்ப்பல் செய்கிறவள்.
வேலை முடிந்து மீந்த மாவில் அவள் வார்த்த காய்கள்
பல் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும்.
ஒன்றில் மட்டும் கடைவாய்ப் பல்லின் பள்ளம்,
யாருடையதோ.

ரைமோ வரி அலுவலகம்.
அறுபத்திரண்டு பகுதிகளையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.
ஆட்டம் திரையில் வருவது மொத்தம் நாற்பத்தொரு நிமிடம்.
நான்காம் பகுதியில் கப்பல் தலைவி
மூன்று காயோடு தோற்கிறாள்.
ஒன்பதாம் பகுதியில் அதே மூன்று காய்,
அதே இடம், ஜெயிக்கிறாள்.
"விதியில் முரண் இருக்கலாம்,
ஓட்டை இருக்கக் கூடாது" என்றார்,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி.

முதல் வடிவத்தில் முதலில் ஆடியவரே ஜெயித்தார், எப்போதும்.
அதைச் சரி செய்தோம்; யாராலும் ஜெயிக்க முடியவில்லை.
மூன்றாவது வடிவத்தின் நடுவில் நான் தூங்கிவிட்டேன்,
என் முறை வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

பிறகுதான் ஏழாம் பகுதி.
எஞ்சின்காரன் கையில் வெள்ளைக் காய்.
கேமரா தலைவியின் முகத்துக்குப் போகிறது, திரும்பி வருகிறது.
கறுப்புக் காய்.
படப்பிடிப்பில் யாரோ காபி குடிக்கப் போய்
மாற்றி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
"இது சாட்சியமே இல்லை, கவனக்குறைவு"
என்று அடித்துவிட்டார் ரைமோ.

அதே வாரம் சப்டைட்டில் சண்டை.
பதினோராம் பகுதியில் தலைவி சொல்வது: திருப்பு.
பன்னிரண்டில், அதே கட்டத்தில்: திரும்பு.
ஓர் எழுத்துதான்.
அந்த ஓர் எழுத்துக்காக
ஹில்க்காவும் ரைமோவும்
இரண்டு மணி நேரம் பேசிக்கொள்ளவில்லை.

யல்மரி அந்தத் தொடரைப் பார்த்ததே இல்லை.
ஹில்க்காவின் மாடிவீட்டுப் பையன்,
சூடான இடம் என்று வந்து உட்கார்ந்திருந்தான்.
கம்பு ரொட்டியை மென்றுகொண்டே கேட்டான்:
"ரெண்டும்தான்னு வச்சுக்கிட்டா?
நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க.
இவங்க காயைத் திருப்பட்டும்.
பார்க்காதப்பதானே அது கறுப்பாச்சு?"

குளிர்பெட்டி ஓடும் சத்தம் கேட்டது.
ரைமோ அடித்த வரியை
மறுபடி எழுதினார்.

ஆக, இப்படி:
ஒரு சுற்றுக்கு ஒருமுறை
ஜன்னல் பக்கம் திரும்பி ஐந்து எண்ண வேண்டும்.
அதற்குள் எதிராளி ஒரு காயை மாற்றலாம்.
மாற்றாமலும் இருக்கலாம்.
திரும்பி வந்து, எது மாறியது என்று
நீ சொல்ல வேண்டும்.
அறுகோணம், முப்பத்தொன்று எல்லாம்
வெறும் ஜோடனை.

முதலில் திரும்பியது நான்.
வெளியே அவ்வளவு இருட்டு,
கண்ணாடி முழுக்க எங்கள் மேசைதான்.
ஹில்க்காவின் கை பலகைக்கு மேல் வந்தது,
கடைவாய்ப் பல் காயின் மேல் நின்றது,
எதையும் தொடாமல் திரும்பிப் போனது.
அவள் காயைப் பார்க்கவில்லை.
என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து எண்ண வேண்டியதை
ஒன்பது வரை எண்ணினேன்.

"எதுவும் மாறவில்லை" என்றேன்.
மேசையைத் தட்டினேன்.
"வெர்னா!"
உலகத்தில் முதல் முதலாக
யாரோ அந்த ஆட்டத்தை நிஜமாக ஜெயித்தார்கள்,
அதுவும் ஏமாற்றி.

கோட்டு மாட்டும்போது ஒப்புக்கொண்டேன், கண்ணாடியை.
ரைமோ ஒன்றும் சொல்லவில்லை.
உட்கார்ந்து பதினான்காவது விதியை எழுதினார்:
ஆடும்போது திரை போட்டிருக்க வேண்டும்.

ஹில்க்கா எழுந்து போய்த் திரையை இழுத்தாள்.
பாதி வரைக்கும்.